கொள்ளைக் கப்பல் கட்டும் கொத்தனார்கள்!

மேஜையின் மேல் ஒரு கப்பல் நிற்கிறது. பாய்களில் சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டைக் கோடுகள். உச்சியில் மண்டை ஓடும் எலும்பும் போட்ட கறுப்புக் கொடி. இருபுறமும் பீரங்கிகள் வாயைத் திறந்துகொண்டு எட்டிப் பார்க்கின்றன. தளத்தின் மேல் ஒற்றைக் கண்ணன் ஒருவன், கட்டைக் காலன் ஒருவன், கைக்குப் பதில் இரும்புக் கொக்கி மாட்டிய ஆசாமி ஒருவன். போதாக்குறைக்கு ஒரு கிளி, ஒரு குரங்கு!

இன்னும் கொஞ்சம் கிட்டப் போய்ப் பாருங்கள். மரம் கிடையாது. ஆணி கிடையாது. பசை கிடையாது. அத்தனையும் பிளாஸ்டிக் செங்கல்!

"சரிதான், குழந்தைகள் விளையாடும் சாமான்" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்தைப் புரட்டிவிடாதீர்கள். இந்தக் கப்பலைக் கட்டிய ஆளுக்கு வயது நாற்பதுக்கு மேல் இருக்கலாம். தலையில் நரை கண்டிருக்கலாம். ஒரு கப்பலுக்காக அவர் மாதக் கணக்கில் இரவுத் தூக்கத்தைத் தொலைத்திருப்பார். ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் இப்படிப்பட்ட 'கொத்தனார்கள்' ஆயிரக் கணக்கில் இருக்கிறார்கள். அவர்களுக்குள் சம்பிரதாயம் உண்டு; சண்டை உண்டு; திருட்டும் உண்டு! அந்தக் கதையைத்தான் இங்கே சொல்லப் போகிறோம்.

தச்சர் பட்ட பாடு

டென்மார்க் தேசத்தில் பில்லுண்ட் என்று ஓர் ஊர். அங்கே ஓலே கிர்க் கிறிஸ்டியான்சன் என்று ஒரு தச்சர் இருந்தார். 1924-ஆம் வருஷம் அவருடைய பிள்ளைகள் இருவர் பட்டறையில் விளையாடிக் கொண்டிருந்தபோது மரச் சீவலில் தீப்பற்றிக்கொண்டது. பட்டறை போயிற்று, வீடும் போயிற்று. மறுபடி கட்டினார். உலகமெங்கும் பணமுடை வந்த காலத்தில் வீடு கட்டுவோர் இல்லை, மேஜை நாற்காலி வாங்குவோரும் இல்லை. 1932-இல் மரப் பொம்மை செய்ய ஆரம்பித்தார். இரண்டு வருஷம் கழித்துத் தம் கடைக்கு 'லெகோ' என்று பெயர் வைத்தார். டேனிஷ் மொழியில் 'நன்றாக விளையாடு' என்று பொருள் தரும் இரண்டு சொற்களின் சுருக்கம் அது.

1942-இல் இன்னொரு தீ விபத்து. தொழிற்சாலை சாம்பலாயிற்று. மனிதர் அசரவில்லை. 1946-இல் பிளாஸ்டிக் வார்க்கும் யந்திரம் ஒன்றுக்கு ஆர்டர் கொடுத்தார். மரத்தோடு பழகிய கை பிளாஸ்டிக்கை நம்பலாமா என்று வீட்டாரே தயங்கிய காலம் அது. 1949-இல் அந்த யந்திரத்திலிருந்து முதல் செங்கற்கள் வெளிவந்தன.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. அந்தச் செங்கல் தச்சரின் சொந்தக் கற்பனை அல்ல. இங்கிலாந்தில் ஹிலாரி பேஜ் என்பவர் 'கிட்டிகிராப்ட்' என்ற பெயரில் அதே மாதிரி செங்கற்களை 1947-லேயே விற்பனைக்குக் கொண்டு வந்துவிட்டார். அந்த மாதிரிகளைப் பார்த்துத்தான் பில்லுண்டில் வார்ப்பு எடுத்தார்கள். லெகோ கம்பெனியாரும் இதை மறைப்பதில்லை. பேஜ் 1957-இல் காலமானார். தமது செங்கல் டென்மார்க்கில் மறுபிறவி எடுத்திருப்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. உரிமை பாக்கி ஏதேனும் இருந்தால் அதையும் தீர்த்துவிடுவோம் என்று லெகோ கம்பெனி 1981-இல் கிட்டிகிராப்டின் உரிமைகளை விலை கொடுத்து வாங்கியது. வாங்கத்தான் வாங்கினார்கள், கொடுக்க வேண்டியவர் போய் இருபத்து நான்கு வருஷம் ஆகியிருந்தது!

ஆனால் ஒரு வித்தியாசத்தையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பேஜின் செங்கல் ஒன்றன்மேல் ஒன்று உட்காரும், இறுகப் பிடித்துக்கொள்ளாது. தச்சரின் மகன் காட்பிரட், செங்கல்லின் அடிவயிற்றில் குழல்களை வைத்தார். மேலே உள்ள குமிழ், அடியில் உள்ள குழலுக்கும் சுவருக்கும் நடுவே மூன்று இடத்தில் அழுந்தி நிற்கும். இழுத்தால் வரும், தானாக வராது. 1958 ஜனவரி 28-ந் தேதி இதற்குப் பதிவுரிமை கேட்டு மனுப் போட்டார். அந்தத் தேதிக்குப் பிறகு வார்த்த செங்கல்லை இன்று வார்த்த செங்கல்லின் மேல் வைத்து அழுத்தினால் ஒட்டிக்கொள்கிறது.

எட்டுக் குமிழ் உள்ள ஒரே நிறச் செங்கல் ஆறு இருந்தால் எத்தனை விதமாக அடுக்கலாம் தெரியுமா? கோபன்ஹேகன் பல்கலைக் கழகத்துக் கணிதப் பேராசிரியர் ஒருவர் கம்ப்யூட்டரை வைத்துக் கணக்குப் போட்டார். 91 கோடியே 51 லட்சத்து 3 ஆயிரத்து 765 விதம்!

கறுப்புக் கொடி ஏறியது

யுத்த சாமான்களைப் பொம்மையாகச் செய்வதில்லை என்பது அந்தக் கம்பெனியின் பழைய கொள்கை. டாங்கி, போர் விமானம் எதுவும் கிடையாது. 1978-இல் கை கால் அசைக்கும் குட்டி மனிதர்கள் வந்தார்கள். அத்தனை பேருக்கும் ஒரே முகம். இரண்டு புள்ளிக் கண், ஒரு புன்னகை. வீரனானாலும் சிரிப்பு, தீயணைப்புக்காரனானாலும் சிரிப்பு.

1989-இல் கொள்ளைக்காரர்கள் வந்தார்கள். புன்னகை மன்னர்களின் காலம் முடிந்தது! மீசை, தாடி, கண்ணில் கட்டு, மரக்கால், கொக்கிக் கை எல்லாம் குட்டி மனிதர்களுக்கு முதன் முதலாக முளைத்தன. துப்பாக்கியும் பீரங்கியும்கூட வந்தன. ஐரோப்பாவில் விற்ற பீரங்கியில் வில் இருந்தது, குண்டு பாயும். அமெரிக்காவுக்குப் போன பீரங்கி பேசா மடந்தை. பிள்ளைகளின் கண்ணில் பட்டுவிடும் என்ற பயந்தான். தலைவனின் பெயர்கூடத் தேசத்துக்குத் தேசம் மாறியது. இங்கிலாந்தில் அவன் 'செந்தாடி', அமெரிக்காவில் 'ரோஜர்'.

அந்த வருஷம் வந்த பெரிய கப்பலுக்குப் பெயர் 'பிளாக் சீஸ் பாரகூடா'. சுமார் 900 துண்டுகள். இன்று நாற்பதும் ஐம்பதும் வயதான கொத்தனார்களில் பலருடைய பைத்தியம் இந்தக் கப்பலில்தான் தொடங்கியது. சிலருக்குப் பிறந்தநாளுக்குக் கிடைத்தது. பலருக்குக் கிடைக்கவில்லை, விலைப்பட்டியல் புத்தகத்தில் படத்தைப் பார்த்து ஏங்கியதோடு சரி. கிடைத்தவர்களைவிடக் கிடைக்காதவர்கள்தான் இப்போது பெரிய கப்பலாகக் கட்டுகிறார்கள் என்பது நமது அபிப்பிராயம்.

வளைவில்தான் வம்பு

பெட்டியில் வாங்கும் கப்பலுக்கு அடிப்பாகம் தயாராகவே வந்துவிடும். முன்பக்கம் ஒரு பெரிய துண்டு, பின்பக்கம் ஒன்று, நடுவில் இரண்டோ மூன்றோ. நீளம் வேண்டுமானால் நடுத்துண்டை இன்னொன்று சேர்க்க வேண்டியது. இது கடையில் வாங்கும் தயார்ச் சட்டை மாதிரி. எல்லாருக்கும் பொருந்தும், ஒருவருக்கும் சரியாகப் பொருந்தாது.

தேர்ந்த கொத்தனார் இதைத் தொடமாட்டார். கப்பலின் வயிற்றையும் செங்கல்லாலேயே கட்டுவேன் என்பார். கஷ்டம் அங்கேதான் ஆரம்பிக்கிறது.

செங்கல் என்பது நாலு மூலைச் சமாசாரம். கப்பலிலோ நேர்கோடு என்பதே அபூர்வம். முன்பக்கம் கூர்ந்து மேலே எழும்பும். நடுவில் வயிறு பருக்கும். நீர்மட்டத்துக்கு மேலே போகப் போகச் சுவர் உள்பக்கமாகச் சாயும்; கனமான பீரங்கிகளைக் கப்பலின் நடுவை ஒட்டி நிறுத்துவதற்காக அந்தக் காலத்துத் தச்சர்கள் செய்த யுக்தி அது. மேல்தளத்தின் விளிம்போ ஒரு தொட்டிலைப் போல இரண்டு முனையிலும் உயர்ந்து நிற்கும். சதுரக் கட்டையைக் கொண்டு இத்தனை வளைவுகளையும் கொண்டுவர வேண்டும்!

இதை எழுதும் முன் நாமும் ஒரு சிநேகிதர் வீட்டுப் பையனுடைய பெட்டியைக் கடன் வாங்கிப் பார்த்தோம். இரண்டு மணி நேரப் பிரயாசைக்குப் பிறகு கட்டை வண்டி ஒன்று உருவாயிற்று. பையன் மரியாதைக்குக்கூடச் சிரிக்காமல் இருக்கவில்லை.

கைதேர்ந்தவர்கள் செய்வது இதுதான். முதலில் கப்பலின் முதுகெலும்பையும் விலா எலும்புகளையும் கட்டுகிறார்கள். துளையிட்ட நீண்ட சட்டங்களை ஊசிகளால் கோத்து, அசையாத எலும்புக் கூடாக நிறுத்துகிறார்கள். பிறகு பக்கச் சுவரைத் தனியாக நீள நீளப் பாளங்களாகச் செய்து, கீல் வைத்து, வேண்டிய சாய்வில் கூட்டின்மேல் பொருத்துகிறார்கள். நிஜக் கப்பல் தச்சர் பலகை அடிக்கும் முறைக்கும் இதற்கும் அதிக தூரமில்லை.

இதில் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது. ஒரு குமிழுக்கும் அடுத்த குமிழுக்கும் இடைவெளி 8 மில்லிமீட்டர். செங்கல்லின் உயரம் 9.6 மில்லிமீட்டர். செங்கல்லில் மூன்றில் ஒரு பங்கு கனத்தில் தகடு ஒன்று உண்டு, அது 3.2 மில்லிமீட்டர். ஐந்து தகடுகளை அடுக்கினால் 16 வரும். இரண்டு குமிழ் இடைவெளியும் 16! ஆகவே செங்கல்லைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டாலும் இடுக்கில்லாமல் பொருந்தும் இடங்கள் உண்டு. இந்த ஒரு சூத்திரம் கைவசமானதும் குமிழ்கள் மேல்நோக்கித்தான் இருக்க வேண்டும் என்ற கட்டாயம் போய்விடுகிறது. குமிழே தெரியாத வழவழப்பான பலகைச் சுவர் வந்துவிடுகிறது. வேடிக்கை பார்ப்பவர்கள் மரம் என்று ஏமாறுவது இதனால்தான்.

அடுத்த தலைவலி, அளவு. குட்டி மனிதனின் உயரம் சுமார் 4 சென்டிமீட்டர். உயரத்தை மட்டும் பார்த்தால் நிஜத்தில் நாற்பதில் ஒரு பங்கு என்று வைத்துக்கொள்ளலாம். ஆனால் ஆள் குண்டு! கைகளோடு சேர்த்து அளந்து நம் உயரத்துக்குப் பெரிதாக்கினால் கிட்டத்தட்ட ஒரு கஜ அகலம் வரும். உயரத்துக்கு ஏற்றபடி கப்பலைக் கட்டினால் ஏணியில் ஏற இடம் போதாது. அகலத்துக்கு ஏற்றபடி கட்டினால் கப்பல் அறையை அடைத்துக்கொள்ளும். ஸ்வீடன் தேசத்து 'வாசா' என்ற போர்க்கப்பல் இவர்களுக்கு மிகவும் பிடித்தது. 1628-இல் முதல் பயணத்தில் ஒரு மைல்கூடப் போகாமல், மேல்பாரம் தாங்காமல் கவிழ்ந்து, 1961-இல் மேலே எடுக்கப்பட்டு, இப்போது ஸ்டாக்ஹோம் நகரத்துக் காட்சிசாலையில் இருக்கும் கப்பல் அது. முன்னே நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தோடு சேர்த்து அதன் நீளம் 69 மீட்டர். குட்டி மனிதனுடைய உயரத்துக்குச் சரியாகக் கட்ட வேண்டுமானால் ஐந்தரை அடிக்குக் குறையாது. கட்டிவிடலாம். வாசற்படி வழியாக வெளியே எப்படிக் கொண்டுபோவது?

பசை போட்டால் பாவம்

கண்காட்சிக்குக் கொண்டுபோவதற்காகத்தான் பெரிய கப்பல்களைத் துண்டு துண்டாகக் கழற்றும்படி கட்டுகிறார்கள். பாய்மரம் தனி, பின்மாடம் தனி, அடிப்பாகம் இரண்டாகவோ மூன்றாகவோ பிரியும். அப்படியும் கார் ஒரு பள்ளத்தில் இறங்கி ஏறினால் போதும், ஆறு மாத வேலை பெட்டிக்குள் பொலபொலவென்று உதிர்ந்து கிடக்கும். நீளமான கப்பலுக்கு இன்னொரு சங்கடமும் உண்டு. தன் பாரத்தினாலேயே நடுவில் தொய்யும். அல்லது முனைகள் தொங்கும். நிஜ மரக்கப்பலுக்கும் வயதானால் வரும் வியாதிதான் இது!

ஒரு சொட்டுப் பசை வைத்தால் தொல்லை தீர்ந்தது. ஆனால் வைக்கமாட்டார்கள். பசை போடுவது இந்தக் கூட்டத்தில் மகா பாவம். துண்டை வெட்டுவதும் பாவம். பில்லுண்டில் 1968-இல் திறந்த 'லெகோலாண்டு' பூங்காவில் நிற்கும் மாதிரிகளுக்கே பசை உண்டு. வெயிலிலும் மழையிலும் நிற்க வேண்டுமே! கம்பெனியே போடும் பசையை ரசிகர் போடமாட்டேன் என்கிறார். அரசனைவிட அரசனுக்கு விசுவாசமானவர்கள்.

பாய் விஷயத்தில் மட்டும் இரண்டு கட்சி. கம்பெனியின் கப்பலில் வருவது துணிப்பாய். ஆகவே நாமும் துணி தைக்கலாம் என்பது ஒரு கட்சி. இவர்கள் தையல் யந்திரத்தின் முன் உட்கார்ந்து ஓரம் மடித்துத் தைக்கிறார்கள். பழுப்பேறிய தோற்றம் வரவேண்டும் என்று தேநீரில் ஊறவைப்பவர்களும் உண்டு. இன்னொரு கட்சி, செங்கல் கப்பலுக்குச் செங்கல்பாய்தான் என்று தகடுகளை வளைவாக அடுக்குகிறது. காற்றில் உப்பிய பாய் போலவே இருக்கும். ஆனால் பாய்மரம் பாரத்தில் முனகும். கயிறு விஷயத்திலும் இதே வழக்குத்தான். வார்த்த ஏணி வலை போதும் என்பார் ஒருவர். நூலைத் திரித்து ஒவ்வொரு முடிச்சாகப் போட்டால்தான் கப்பல் என்பார் மற்றொருவர். நமக்கு நூல் கட்சிதான் பிடிக்கிறது. கயிறு இல்லாத பாய்க்கப்பல் நரம்பில்லாத வீணைதானே!

பழைய சரக்குக்கு ஒரு தனி மவுசு. 2004-இல் கம்பெனி தன் பழுப்பு நிறத்தை மாற்றிக் கொஞ்சம் சிவப்பு கலந்த பழுப்பாக்கியது. சாம்பல் நிறத்தையும் மாற்றியது. மற்றவர்களுக்கு இது ஒரு செய்தியே அல்ல. கப்பல் கட்டுகிறவர்களுக்கு இடி விழுந்தாற்போல் ஆயிற்று. கப்பல் என்றால் பழுப்பு. பழுப்பு என்றால் மரம். பல வருஷமாகச் சேர்த்து வைத்த பழைய பழுப்போடு புதுப் பழுப்பைச் சேர்த்தால், பாதிக் கப்பல் தேக்கு, பாதிக் கப்பல் செம்மரம் என்று தெரிகிறது!

உண்மைக் கொள்ளையர்

இவ்வளவு பாடுபட்டுக் கட்டும் கப்பல் சரித்திரத்துக்குப் பொருத்தமானதா? பாதிதான். நிஜக் கொள்ளையர்கள் பெரும்பாலும் ஓடித் தப்பக்கூடிய ஒற்றைப் பாய்மரச் சிறு கப்பல்களையே விரும்பினார்கள். பெரிய கப்பல் ஆழமில்லாத இடத்தில் தட்டிவிடும்.

அப்படித் தட்டிய கப்பல்தான் 'கறுப்புத் தாடி' என்ற எட்வர்ட் டீச்சின் 'குவீன் ஆன்ஸ் ரிவெஞ்ச்'. 1718 ஜூனில் வட கரோலினாக் கரையோரம் மணலில் ஏறிச் சிக்கியது. அதே வருஷம் நவம்பரில் தாடிக்காரனும் சண்டையில் மாண்டான். கப்பலின் மிச்சம் 1996-இல் அகப்பட்டது. பீரங்கிகளைத் தண்ணீருக்கு மேலே எடுத்திருக்கிறார்கள். செங்கல் கொத்தனார்கள் இந்தக் கப்பலைத் திரும்பத் திரும்பக் கட்டுகிறார்கள். லெகோ கம்பெனியும் சினிமாவை ஒட்டி 2011-இல் ஒரு பெட்டி போட்டது.

ஆனால் அந்தக் கப்பல் 1717-இல் தாடிக்காரன் கையில் சிக்கும் முன் எதற்காக ஓடிக்கொண்டிருந்தது? 'லா கான்கார்டு' என்ற பெயரில், ஆப்பிரிக்காவிலிருந்து மனிதர்களைச் சங்கிலி போட்டு ஏற்றிச் செல்லும் பிரெஞ்சு அடிமைக் கப்பல் அது. செங்கல் கப்பலின் தளத்தைக் கழற்றிப் பார்த்தால் உள்ளே சமையலறை இருக்கும், தலைவனின் மேஜை, தேசப்படம், பொற்காசுப் பெட்டி எல்லாம் இருக்கும். அந்தக் கீழ்த்தட்டை மட்டும் யாரும் கட்டுவதாகத் தெரியவில்லை. பொம்மையில் அதை எப்படிக் கட்டுவது என்று கேட்டால் நமக்கும் பதில் சொல்லத் தெரியாது.

கொள்ளைக் கப்பலையே கொள்ளை

இனி வழக்குக்கு வருவோம். செங்கல்லின் மீது கம்பெனிக்கு இருந்த பதிவுரிமைக் காலம் எப்போதோ முடிந்துவிட்டது. குமிழ் வடிவமே எங்கள் அடையாளம் என்று வாதாடிப் பார்த்தார்கள். 2005-இல் கனடாவின் உச்ச நீதிமன்றம் ஒப்பவில்லை. 2010-இல் ஐரோப்பிய நீதிமன்றமும் ஒப்பவில்லை. வேலை செய்வதற்காக ஏற்பட்ட வடிவத்தை ஒருவரே நிரந்தரமாகக் கட்டி ஆள முடியாது என்றார்கள். ஹிலாரி பேஜ் இருந்திருந்தால் என்ன சொல்லியிருப்பாரோ!

செங்கல் பொது, ஆனால் கப்பல் பொதுவா? சீனாவில் 'லெப்பின்' என்ற பெயரில் ஒரு கும்பல் லெகோப் பெட்டிகளை அட்டைப் படம் முதற்கொண்டு காப்பியடித்து விற்றது. கம்பெனியின் சரக்கோடு நிற்கவில்லை. ரசிகர்கள் சொந்தமாகக் கற்பனை செய்து படம் வெளியிட்ட வடிவங்களையும் எடுத்துப் பெட்டி போட்டது. 2020-இல் ஷாங்காய் நீதிமன்றம் தலைவனுக்கு ஆறு வருஷச் சிறையும் 9 கோடி யுவான் அபராதமும் விதித்தது. கம்பெனிக்கு நியாயம் கிடைத்தது. இரவு கண்விழித்து ஒரு கப்பலை வடிவமைத்துவிட்டு, அதையே கடையில் பாதி விலைக்குப் பார்த்த ரசிகர் எந்தக் கோர்ட்டுக்குப் போவார்?

நேர்வழியும் இல்லாமல் இல்லை. ரசிகர் தம் மாதிரியைக் கம்பெனிக்கு அனுப்பலாம். 10,000 பேர் ஆதரவு தெரிவித்தால் கம்பெனி பரிசீலிக்கும். தேறினால் பெட்டியாக வரும். விற்பனையில் ஒரு பங்கு அவருக்கு. 2020-இல் வந்த 'பாரகூடா பே' அப்படி வந்ததுதான். துண்டுகள் 2,545; வந்தபோது அமெரிக்காவில் விலை 200 டாலர். ரசிகர் செய்திருந்தது என்ன தெரியுமா? 1989-ஆம் வருஷத்து அதே பாரகூடா, தீவொன்றில் மோதி உடைந்து, மாலுமிகள் அதிலேயே குடிசை போட்டுக் குடியிருக்கும் காட்சி. கம்பெனியார் ஒரு தந்திரம் சேர்த்தார்கள். உடைந்த பாகங்களைப் பிரித்து ஒன்றோடொன்று சேர்த்தால் முழுக் கப்பல் வந்துவிடும். சின்ன வயதில் படத்தைப் பார்த்து ஏங்கியவர்களுக்கு முப்பத்தொரு வருஷம் கழித்துக் கப்பல் கரைக்கு வந்தது.

கடலுக்குப் போன சரக்கு

செங்கல் கப்பல் தண்ணீரில் மிதக்காது, இடுக்கெல்லாம் ஒழுகும். ஆனால் இந்தச் சாமான்கள் ஒரு முறை நிஜக் கடலுக்கே போயிருக்கின்றன. 1997 பிப்ரவரி 13-ந் தேதி, நியூயார்க்குக்குப் போய்க்கொண்டிருந்த 'டோக்கியோ எக்ஸ்பிரஸ்' என்ற சரக்குக் கப்பலை இங்கிலாந்தின் தென்மேற்கு முனைக்கு அப்பால் ஒரு ராட்சச அலை சாய்த்தது. 62 சரக்குப் பெட்டிகள் கடலில் விழுந்தன. அவற்றில் ஒன்றில் இருந்தது லெகோ: 47 லட்சத்து 56 ஆயிரத்து 940 துண்டுகள்! விதியின் வேடிக்கையைப் பாருங்கள். அவற்றில் பல கடல் சம்பந்தப்பட்ட சாமான்கள். நீந்துவோர் காலில் மாட்டும் துடுப்பு, மிதவை, கப்பலின் கயிற்று வலை, 4,200 ஆக்டோபஸ்.

கார்ன்வால் கடற்கரைகளில் இன்றைக்கும் அவை ஒதுங்குகின்றன. கரை பெருக்குகிறவர்கள் ஆக்டோபஸ் அகப்பட்டால் அதிர்ஷ்டம் என்கிறார்கள். கரையில் ஒதுங்கிய பழைய செங்கற்களைப் பிளிமத் பல்கலைக் கழகத்தார் எடுத்துச் சோதித்து, இந்தப் பிளாஸ்டிக் கடலில் 100 முதல் 1,300 வருஷம் வரை அழியாமல் கிடக்கலாம் என்று 2020-இல் கணக்கு வெளியிட்டார்கள். தாடிக்காரனின் மரக்கப்பலில் முந்நூறு வருஷத்துக்குள் மிஞ்சியது எவ்வளவு என்று நினைத்துப் பார்த்தால் இது பெருமையா, பயமா என்று தெரியவில்லை.

அந்தப் பெட்டியில் 51,800 சுறாமீன்களும் இருந்தன. கொள்ளைக் கப்பலைச் சுற்றி வட்டமிடுவதற்கென்று வார்த்த அதே குட்டிச் சுறா. கால் நூற்றாண்டுக்கு மேலாகியும் ஒன்றுகூட அகப்பட்டதாகத் தகவல் இல்லை. 2024-இல் கார்ன்வாலுக்குத் தெற்கே இருபது மைல் தூரத்தில் மீன் பிடித்துக்கொண்டிருந்த ஒருவர் தம் வலையைப் பார்த்தார். அதன் மேல், முதல் சுறா கிடந்தது.